தோட்டத்துக்கு இறங்கும் மானை வில்லால் அடிக்கலாமா?

சமரேல் சரிவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

மொரீஷியஸில், காஸ் நொயாலிலிருந்து சமரேலுக்கு ஏறும் பாதையில், கீழ்ச்சரிவில் எங்களுக்கு நாற்பது பேர்ஷ் (ஏறக்குறைய நாற்பது சென்ட்) நிலம் இருக்கிறது. அப்பா காலம் முழுக்கக் கரும்புதான். அவர் போன பிறகு நான் கரும்பை எடுத்துவிட்டுக் காய்கறி போட்டேன். அவரை, வெண்டை, கத்தரி, ஒரு பந்தல் நிறையப் பீர்க்கங்காய். இங்கே பேசும் கிரியோல் மொழியில் பிபங்கை என்று சொல்லும்போதெல்லாம் அது நம் ஊர்ச் சொல்தானே என்று எனக்கு ஒரு சந்தோஷம். ஓரத்தில் முருங்கை நாலு மரம். சனிக்கிழமை சந்தைக்குக் கொண்டுபோகிறேன். பெரிய வருமானம் இல்லை, ஆனால் இரண்டு பிள்ளைகளின் டியூஷன் செலவு இதிலிருந்துதான் போகிறது.

ஏப்ரலிலிருந்து மான் வருகிறது. முதலில் குரங்கு என்றுதான் நினைத்தேன். குரங்கு பிய்த்துப் போட்டுவிட்டுப் போகும், இது அப்படி இல்லை. அவரைக் கொழுந்து வரிசையாக, ஒரே உயரத்தில் போயிருந்தது. மறுநாள் ஈரமண்ணில் குளம்புத் தடமும் புழுக்கையும் பார்த்தேன். மேலே இருக்கும் ஷாஸேயில், அதாவது மான் வேட்டைக்கென்று வைத்திருக்கும் நிலத்தில், வேலி போட்டிருக்கிறார்கள், எப்படி வெளியே வருகிறது என்று தெரியவில்லை. கீழ்ப்பக்கம் புது வீடுகள் கட்டுகிறார்கள். அதனால் அதன் பாதை என் பக்கம் திரும்பியிருக்கலாம். ஒரு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது ஏழு ஜோடிக் கண்கள். மணி ஒன்றரை. கை தட்டினேன், கத்தினேன். இருபதடி தள்ளிப்போய் நின்று என்னையே பார்த்தன. அரை மணி கழித்து மறுபடி வந்துவிட்டன.

என் அக்காள் கணவர் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கிறார். அங்கே வீட்டுக்குப் பின்னாலேயே மரத்தில் ஏறி உட்கார்ந்து வில்லால் மான் அடிக்கிறார்கள் என்கிறார். துப்பாக்கி போலச் சத்தம் இல்லை, பக்கத்து வீட்டுக்கு ஆபத்தில்லை, கறியும் கிடைக்கும் என்கிறார். டிசம்பரில் வரும்போது ஒரு காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த வில்) கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

என் சந்தேகங்கள்: இங்கே வில்லை எடுப்பது சரியா? என் எல்லையிலிருந்து அடுத்த வீடு முப்பது மீட்டர்தான், அது போதுமா? என்னைப்போல வில்லைத் தொட்டே பார்க்காதவன் எத்தனை நாளில் பழகலாம்? விஷயம் தெரிந்தவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

கத்ரு போர்ன் அக்கா எழுதியது:

தம்பி, வயிறு எரிகிறது உங்கள் அவரையை நினைத்தால். நானும் கொஞ்சம் காய்கறி போடுகிறவள், குரங்கோடு போராடுகிறவள்.

ஆனால் டிசம்பர் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். நம் நாட்டில் மான் வேட்டைக்குக் காலம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. அதற்கும் உரிமம் வேண்டும். உங்கள் தோட்டத்தில் நின்றாலும் அது உங்கள் மான் ஆகிவிடாது. கையில் இருப்பது வில்லா துப்பாக்கியா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. தேசியப் பூங்கா, இயற்கைப் பாதுகாப்புத் துறையில் முதலில் கேளுங்கள். மச்சானிடம் வில் வாங்கச் சொல்லுவது அப்புறம் இருக்கட்டும்.

ஏழு மான் என்றால் ஒன்றை அடித்தால் ஆறு மிச்சம். அதையும் யோசியுங்கள்.

எடிசன் வாசி எழுதியது:

நான் பிறந்தது ரோஸ் ஹில். இப்போது இருப்பது நியூ ஜெர்சி, பதினாறு வருடமாக. கடந்த ஒன்பது வருடமாக இங்கே வில்வேட்டைக்குப் போகிறேன். உங்கள் மச்சான் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். அவர் வேட்டைக்குப் போகிறவரா, பார்த்துவிட்டுச் சொல்கிறவரா என்று கேளுங்கள்.

இங்கே ஏன் புறநகரில் வில்லை அனுமதித்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்க வெண்வால் மான் சில லட்சம்தான் மிஞ்சியிருந்தது. இன்று ஏறக்குறைய மூன்று கோடி. ஓநாயும் மலைச்சிங்கமும் இந்தப் பக்கத்தில் இல்லை. காட்டை வெட்டி வீடு கட்டி, புல்லும் ரோஜாவும் வைத்து, நடுநடுவே கொஞ்சம் மரத்தை விட்டுவைத்தால் மானுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நல்ல தீனி கிடைத்தால் பெண்மான் இரட்டைக் குட்டி போடும். சாலையில் வண்டியில் மோதிச் சாகிறவை ஒரு பக்கம். உண்ணி இன்னொரு பக்கம். உண்ணி கடித்து வரும் லைம் நோய் என்று சொல்கிறார்களே, அந்தப் பெயரே கனெக்டிகட்டில் லைம் என்ற ஊரிலிருந்து வந்தது. 1975இல் அங்கே பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியதைக் கவனித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அந்த உண்ணி வளர்ந்தபின் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் மான்மேல்.

துப்பாக்கிக்கு இங்கே ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 450 அடி தள்ளி நிற்க வேண்டும். புறநகரில் அப்படி ஓர் இடம் கிடைக்காது. அதனால் 2010இல் வில்லுக்கு மட்டும் அந்தத் தூரத்தை 150 அடியாகக் குறைத்தார்கள். அதாவது நாற்பத்தைந்து மீட்டர் சொச்சம். உங்கள் முப்பது மீட்டர் இங்கேயே செல்லாது. அதற்குள் நிற்க வேண்டுமானால் அந்த வீட்டுக்காரர் எழுதித் தர வேண்டும்.

இரண்டாவது, நேரம். சூரியன் உதிக்க அரை மணி முன்னாலிருந்து மறைந்து அரை மணி வரைதான். உங்கள் மான் வருவது ராத்திரி ஒன்றரைக்கு. அந்த நேரத்தில் இங்கே யாரும் நாணைத் தொட மாட்டார்கள். தொட்டால் உரிமம் போய்விடும்.

மூன்றாவது, பழக்கம். துப்பாக்கி உரிமம் இருந்தாலும் வில்லுக்கென்று தனிப் படிப்பு படித்துத் தேற வேண்டும். வில்லின் இழுவிசை குறைந்தது 35 பவுண்டு, அம்புமுனை குறைந்தது முக்கால் அங்குல அகலம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஆனால் விதி கேட்பது கொஞ்சம்தான், கை கேட்பது அதிகம். என் முதல் வருடம் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை தினமும் முப்பது அம்பு. பதினெட்டு மீட்டரில் தட்டு அளவு வட்டத்துக்குள் ஒவ்வொரு அம்பும் விழுந்தபிறகுதான் காட்டுக்குப் போனேன். இன்றும் அந்தத் தூரத்தைத் தாண்டி எய்ய மாட்டேன்.

ஏன் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். நல்ல காம்பவுண்ட் வில்லில் அம்பு நொடிக்கு 85 மீட்டர் போகும். ஒலி 340 மீட்டர். நாண் எழுப்பும் சத்தம் அம்புக்கு முன்னால் மானின் காதுக்குப் போய்விடும். 18 மீட்டரில் மானுக்குக் கிடைப்பது ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். 35 மீட்டரில் அது இரண்டு மடங்கு. அதற்குள் மான் துள்ளுவதற்காக உடம்பைத் தாழ்த்திவிடும். நெஞ்சுக்குக் குறிவைத்தது முதுகில் போய்ப் பாயும். சத்தமே இல்லை என்று மச்சான் சொன்னது பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரி. மானுக்குச் சரியில்லை.

பழைய கார்த் எழுதியது:

தம்பி, நான் ரிவியேர் நுவார் பக்கத்து ஷாஸே ஒன்றில் முப்பத்தோரு வருடம் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இங்கே எங்களை கார்த் என்றுதான் கூப்பிடுவார்கள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல.

மானைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எடிசன் தம்பி சொல்லும் மானும் நம் மானும் ஒன்றில்லை. நம்முடையது ரூசா. டச்சுக்காரர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். அதே காலத்தில்தான் கரும்பும் வந்தது. கரும்பும் மானும் சேர்ந்தே வந்து, சேர்ந்தே இருந்துவிட்டன. அமெரிக்க மான் கொழுந்தும் இலையும் கடித்துக்கொண்டு இரண்டு மூன்றாகத் திரியும். ரூசா புல் மேய்கிற மான், கூட்டமாக நிற்கிற மான். கூட்டத்தில் ஒரு கிழட்டுப் பெண்மான் இருக்கும். மற்றவை மேயும்போது அவள் தலை தூக்கி நிற்பாள். அவள் தொண்டையால் ஒரு சத்தம் கொடுத்தால் மொத்தக் கூட்டமும் போய்விடும். ஏழு மான் என்றால் பதினாலு கண், பதினாலு காது. அத்தனையையும் ஏமாற்றி இருபது மீட்டருக்குள் நாணை இழுப்பது சின்ன வேலை இல்லை. நம் வேட்டைக்காலம் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும் காலமும்கூட. சரிவில் அது சுழலும். உங்கள் வாடை எந்தப் பக்கம் போகிறது என்று நீங்களே சொல்ல முடியாது.

எங்கள் வேலை வேறு மாதிரி. மிராடோர் என்று உயரமாகப் பரண் கட்டி வைத்திருப்போம். விரட்டுகிற ஆட்கள் வரிசையாக, நாயோடு, கத்திக்கொண்டு வருவார்கள். பரணில் இருக்கிறவர்களுக்கு எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் கூடாது என்று காலையிலேயே காட்டிவிடுவோம். நான் சின்ன வயதில் விரட்டுகிறவனாகத்தான் சேர்ந்தேன். துப்பாக்கி எனக்குத் தெரியும், வில் தெரியாது. வில்வேட்டை பார்த்தது ஒரே தடவை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகள் வர்ஜீனியாவில், ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தில் இருக்கிறாள். போன முறை போனபோது நவம்பர் மாதம். அந்த மாவட்டத்தில் பூங்காக்களிலேயே வில்வேட்டை நடத்துகிறார்கள். மாவட்டமே நடத்துகிறது, 2009-10 வாக்கில் தொடங்கியது. சோதனையில் குறி தவறாமல் எய்து காட்டியவர்களைத்தான் சேர்ப்பார்கள். தரையில் நின்று எய்யக் கூடாது, மரத்தில் பரண் கட்டி மேலிருந்துதான். காரணம் எனக்குப் பார்த்தவுடனே விளங்கியது: மேலிருந்து விட்ட அம்பு தவறினாலும் பத்தடி தாண்டி மண்ணில் குத்தி நிற்கும். சமதரையில் விட்டால் எங்கே போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். உங்கள் நிலம் சரிவு. கீழே வீடுகள். அதை மறந்துவிடாதீர்கள்.

மருமகனின் நண்பர் ஒருவர் தனக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டு நிலத்தில் எய்வார். பூங்காவில் இல்லை, தனியார் நிலம். என்னைக் கூட்டிப்போய்க் கொஞ்ச தூரத்தில் வண்டியிலேயே உட்காரவைத்தார். ஐந்து மணி இருக்கும், பெண்மான் ஒன்று பக்கவாட்டில் வந்தது. தோளுக்குப் பின்னால், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பாய்ந்தது அம்பு. மான் துள்ளியது, ஓடியது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். முப்பது வருடப் பழக்கம். அவர் மரத்திலிருந்தே கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அரை மணி நேரம் அந்த மனிதர் அசையவில்லை. துப்பாக்கிக் குண்டு அடித்து வீழ்த்தும். அம்பு அப்படி இல்லை, அது வெட்டும். இரத்தம் போய்த்தான் மான் சாக வேண்டும். துரத்தினால் வலியோடு மைல்கணக்கில் ஓடும், விட்டுவிட்டால் நூறு மீட்டருக்குள் படுத்துவிடும்.

அப்புறம் இறங்கி அம்பைத் தேடி எடுத்தார். நுனியில் இளஞ்சிவப்பாக நுரை. நுரையீரல் என்றார், நல்லது என்றார். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், இன்னும் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சையாக நாறினால் குடல், அப்போது விடியும்வரை காத்திருக்க வேண்டும் என்றார். இலையில் துளித்துளியாகத் தடம் பார்த்துப் போனோம். அது ஒரு வேலிக்கு அடியில் போய், அடுத்த வீட்டுக்குள் போய்விட்டது. புல்தரையில் பிள்ளைகளின் ஊஞ்சல். அதற்குப் பக்கத்தில் மான் கிடந்தது.

வேலி இடுப்பளவுதான். என்னால்கூடத் தாண்ட முடியும். அவர் தாண்டவில்லை. வில்லை வண்டியில் பூட்டிவைத்தார். சுற்றிப் போய் முன்வாசலில் மணி அடித்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் கதவைத் திறந்தாள். தான் யார், என்ன நடந்தது என்று சொல்லி, உங்கள் தோட்டத்தில் நான் எய்த மான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிட்டு வருகிறேன், அதுவரை இருங்கள் என்றாள். இருந்தோம். துணி போர்த்தித்தான் தூக்கி வந்தோம். புல்லில் இருந்த இரத்தத்தை அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்தார்.

வண்டியில் வரும்போது சொன்னார், வேட்டைக்காலம் தொடங்குமுன்பே அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவைப்பேன் என்று. எந்த வீட்டில் வேண்டாம் என்கிறார்களோ, அந்தப் பக்கம் ஓடக்கூடிய மானை எய்வதே இல்லையாம்.

தம்பி, இதை வைத்து உங்கள் இடத்தைப் பாருங்கள். உங்கள் தோட்டத்தில் அம்பு பட்ட மான் எங்கே ஓடும்? மேலே ஷாஸே. அது ஒருவர் குத்தகைக்கு எடுத்த நிலம், உள்ளே காலை வைத்தால் நீங்கள் திருட்டு வேட்டைக்காரன். கீழே புது வீடுகள். பக்கத்தில் கரும்பு. ஜூலையில் வெட்டாத கரும்பு ஆளைவிட ஒன்றரை மடங்கு உயரம் நிற்கும். அதற்குள் இரத்தத் தடம் பார்க்கவே முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு வருடம், பெயர் வேண்டாம், விருந்தாளி ஒருவர் அவசரப்பட்டு வயிற்றில் சுட்டுவிட்டார். ஆண்மான், பெரிய கொம்பு. வேலியைத் தாண்டிக் கரும்புக்குள் போய்விட்டது. நானும் நாலு பேரும் இரண்டு நாள் தேடினோம். நாலாவது நாள் கரும்பு வெட்டுகிறவர்கள் கண்டுபிடித்தார்கள். அது செத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அப்படியென்றால் மூன்று நாள் உயிரோடு கிடந்திருக்கிறது. நான் காவல்காரன், அது என் பொறுப்பில் இருந்த மான். இருபது வருடம் ஆகிறது, இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது பேச்சு நின்றுவிடும்.

குண்டுக்கே அப்படி. பழகாத கையில் அம்பு என்றால் யோசித்துப் பாருங்கள். மான் விழக்கூடிய இடமெல்லாம் நீங்கள் போய் எடுக்க உரிமை உள்ள இடமாக இருந்தால்தான் வில்லைத் தொடலாம். உங்களுக்கு அந்த இடம் நாற்பது பேர்ஷ்தான்.

தமிழ் வாத்தியார் (போ பாஸேன்) எழுதியது:

கார்த் ஐயா, அந்த வாசலில் தொப்பியோடு நின்ற மனிதரைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் பழைய அகப்பாட்டில் இதற்குப் பெயரே இருக்கிறது, கெடுதி வினாதல். மலைப்பக்கத்தில் தினை காக்கும் பெண்ணிடம் தலைவன் வந்து, நான் எய்த அம்போடு ஒரு மான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்பான். வகுப்பில் சொல்லித்தரும்போது, பெண்ணிடம் பேச அது ஒரு சாக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். பிள்ளைகளும் சிரிப்பார்கள். ஆனால் சாக்கு என்றால் அது நம்பக்கூடியதாக இருக்க வேண்டும் அல்லவா? அடிபட்ட விலங்கைத் தேடி அடுத்தவர் புனத்துக்குப் போகிறவன் கேட்டுவிட்டுத்தான் போவான் என்பது அந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்காக இருந்திருக்கிறது. இனி இப்படித்தான் சொல்லித்தருவேன்.

சமரேல் தம்பி, அந்தப் பாட்டிலேயே தினைப்புனத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதும் இருக்கிறது. பரண் கட்டி, தட்டை தட்டி, கவண் சுழற்றி, இராத்திரி தீப்பந்தம் பிடித்துக் காத்தார்கள். ஏழு மானுக்கு நீங்கள் ஒருவர் மட்டும் கை தட்டினால் போதாது.

சமரேல் சரிவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கார்த் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா, வில்லும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இந்த வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்றுவிட்டார். மச்சானிடமும் சொல்லிவிட்டேன். அவர் வேட்டைக்குப் போகிறவர் இல்லையாம், கூட வேலை செய்கிறவர் சொன்னதைத்தான் சொன்னாராம்.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், எதற்கு இவ்வளவு பேச்சு, பிரேக் கம்பியில் சுருக்குப் போடு, இரண்டு மாட்டினால் மற்றவை வராது என்கிறார். அவரே வைத்துத் தருகிறேன் என்கிறார். நான் சரி என்று சொல்லவில்லை. அவரிடம் எப்படிச் சொல்லி மறுப்பது?

பழைய கார்த் எழுதியது:

வேண்டாம் தம்பி. நான் வேலையில் இருந்தபோது சுருக்குகளை மூட்டை மூட்டையாக எடுத்திருக்கிறேன். கால் அறுந்து மூன்று காலோடு நடந்த பெண்மானைப் பார்த்திருக்கிறேன். கழுத்தில் விழுந்தால் விடியும்வரை சுற்றிச் சுற்றிச் சாகும். உங்கள் நாயும் மாட்டும், வழி தவறி வந்த பிள்ளையும் மாட்டும். மாட்டியதைப் பார்த்து மற்றவை வராது என்பதும் உண்மையில்லை, அதே வழியில் அடுத்த வாரமே வரும். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: என் நிலத்தில் சுருக்கு இருந்தால் பிடிபடுகிறவன் நான், நீ இல்லை. அதற்கு மேல் அவர் பேச மாட்டார்.

இனி வேலையைச் சொல்கிறேன். வேலிக்குள் இருக்க வேண்டிய ஏழு மான் தினமும் வெளியே வருகிறதென்றால் வேலியில் வழி இருக்கிறது. மான் வேலியைத் தாண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தாண்டும், ஆனால் அது கடைசி வழி. முதலில் அடியில் நுழையப் பார்க்கும். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு தடவை ஓடை வேலியைக் கடக்கும் இடம்தான். சனவரி, பிப்ரவரி மழையில் ஓடையில் வெள்ளம் வந்து, கம்பிக்கு அடியில் மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கும். உங்களுக்கு ஏப்ரலில் தொடங்கியது என்றீர்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. பகலில் தடத்தைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போங்கள், வேலிவரை மட்டும். கம்பியின் கீழ்ப்பகுதியில் மயிர் ஒட்டியிருக்கும். இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு அந்த ஷாஸேயின் கார்த்திடம் போங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். ஏழு மான் வெளியே என்றால் அவருக்கும் நஷ்டம், முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். படத்தைப் பார்த்தால் உடனே வருவார்.

உங்கள் பக்கமும் வலை கட்டத்தான் வேண்டும். 2.4 மீட்டர் உயரம். அதைவிடக் குறைந்தால் வீண் செலவு. கீழ் ஓரத்தை மண்ணோடு இழுத்து ஆணி அடித்துக் கட்டுங்கள், ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் தலையை விட்டுவிடும். முதல் ஒரு மாதம் வலையில் வெள்ளைத் துணி கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் தெரியாமல் மோதிக் கொம்பு சிக்கிக்கொள்ளும். நாற்பது பேர்ஷ் முழுவதும் கட்டப் பணம் இல்லையென்றால் அவரையும் பீர்க்கங்காய்ப் பந்தலும் இருக்கும் பகுதியை மட்டும் கட்டுங்கள். வெண்டையைக் கொஞ்சம் கடித்தாலும் மறுபடி துளிர்க்கும்.

கறி வேண்டுமென்றால் ஜூலையில் எனக்குச் சொல்லுங்கள். முறையாக அடித்த மானின் தொடை ஒன்று வாங்கித் தருகிறேன். மஞ்சள், இஞ்சி பூண்டு, கறிவேப்பிலை நிறையப் போட்டு, மெல்லிய தீயில் மூன்று மணி நேரம். புரட்டாசி பிறப்பதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

கத்ரு போர்ன் அக்கா எழுதியது:

கார்த் ஐயா, குரங்குக்கும் இப்படி ஒரு வழி சொல்லுங்களேன். தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.

சமரேல் சரிவு எழுதியது:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னதுதான். ஓடை வேலிக்கு அடியில் இரண்டடி ஆழம் அரித்திருந்தது, கம்பியில் பழுப்பு மயிர். ஷாஸே கார்த் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே இரண்டு ஆளோடு வந்தார். கல் அடுக்கி, ஓடைக்குக் குறுக்கே மரக்கட்டைகளைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறார். வெள்ளம் வந்தால் கட்டை தூக்கிக்கொள்ளும், வடிந்தால் தானாகக் கீழே இறங்கிவிடும் என்றார். அடைப்பதற்கு முன் விரட்டி உள்ளே விட்டது ஐந்து மான். இரண்டு இன்னும் வெளியேதான் இருக்கின்றன. நேற்றும் முருங்கையடியில் தடம் பார்த்தேன். அவற்றை எப்படி உள்ளே ஓட்டுவது என்று பார்க்கிறேன், வந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அவரைப் பகுதிக்கு வலை கட்டத் தொடங்கிவிட்டேன். மொத்தம் 95 மீட்டர் வேண்டும், 60 கிடைத்துவிட்டது. பழைய மான் வலையோ மீன்பிடி வலையோ, 2.4 மீட்டர் உயரத்துக்கு வருவது, 35 மீட்டர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். தமரினிலிருந்து பெல் ஓம்ப்ர் வரை எங்கிருந்தாலும் நானே வண்டியில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.